மச்சான் வாங்கி வந்த சால்வை

1

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நாடகம் பார்க்கக் கூட்டிப் போகிறோம் என்று யார் சொன்னாலும் என் வாயில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "யாரு வர்றா?"

புதுக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் நான் எட்டாவது படித்தபோது ஒருநாள் காலையில் எங்களையெல்லாம் மினி லாரியில் ஏற்றினார்கள். கல்விச் சுற்றுலா, டவுனில் டெங்கு விழிப்புணர்வு நாடகம், பார்த்தால் அறிவு வளரும் என்றார் சார். சாமியானா பந்தலுக்குள் எங்களை உட்கார வைத்து, "யாரு வந்தாலும் கை தட்டணும்" என்று சொல்லிவிட்டு அவர் நிழல் பார்த்துப் போய்விட்டார். வெயில் ஏறியது. ஒன்றுக்கு வருகிறது என்று எழுந்தவனை, நாற்காலி காலியாகத் தெரியும் என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். ஒருவழியாகக் கார்கள் வரிசையாக வந்தன. கை தட்டினோம். வந்தவர் பேசினார். அதற்கும் தட்டினோம். அப்புறம் நாடகம் ஆரம்பித்தது. கொசு வேஷம் கட்டியவர் இரண்டு பேரைக் கடித்து முடிப்பதற்குள் கார்கள் கிளம்பிவிட்டன. பின்னாலேயே பந்தல்காரர் நாற்காலிகளை உருவ ஆரம்பித்தார். மேடையில் கொசு அப்படியே நின்று மைக் செட்காரரைக் கேட்டது: "அண்ணே, நான் சாகணுமா, வேணாமாண்ணே?"

"அதெல்லாம் வேணாம். எறங்கு."

டெங்குவை எப்படி ஒழிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பிள்ளைகளை மொத்தமாக வண்டியில் ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தால், அது யாரோ ஒருவர் வருவதற்காகத்தான் என்று தெரியும். என் படிப்பு பத்தாவதோடு நின்றது. நானாக நின்றேனா, அவர்கள் நிறுத்தினார்களா என்பதில் இரண்டு கட்சி உண்டு. எப்படியோ, படித்ததில் மனசில் நிற்பது இந்த ஒரு பாடம்தான்.

2

நான் மஸ்கட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு ஆறு வருஷம் ஆகிறது. ரெசிடென்ட் கார்டைப் புதுப்பிக்கப் போனபோதுதான் அது நினைவுக்கு வந்தது. கவுண்ட்டரில் இருந்தவர் பழைய கார்டில் உள்ள படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சந்தேகப்படுகிற ஆள்தான். ஆனாலும் என்னையே ஒருவர் அவ்வளவு சந்தேகமாகப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இங்கே நான் ஓட்டுவது ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்துப் பஸ். ஊரில் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸ் இங்கே செல்லாது என்று சொல்லி மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். கீரனூர் ரோட்டில் ஓட்டுகிற மாதிரி நினைத்து, முன்னால் போன வண்டிக்கு மரியாதையாக ஹாரன் அடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை வைத்த போலீஸ்காரர் என்னை இறங்கச் சொல்லிவிட்டார். இங்கே ஹாரன் அடிப்பது திட்டுவதற்குச் சமமாம். நாம் ஊரில் நாள் முழுக்க எத்தனை பேரைத் திட்டியிருக்கிறோம், பாருங்கள்.

பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் எல்லாம் நம் நாட்டுப் பிள்ளைகள். வாயைத் திறந்தால் இங்கிலீஷ். ஒருநாள் "எல்லாரும் சிட் பண்ணிக்குங்க" என்றேன். முன் சீட்டில் இருந்த வாண்டு ஒன்று, "அங்கிள், தட் இஸ் நாட் இங்கிலீஷ்" என்றது. "இது இங்கிலீஷுன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் சொந்த அக்கா மகள், தர்ஷினி. ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் நான் அவளுக்கு மாமா. பஸ்ஸுக்குள் ஏறிவிட்டால் நானும் அங்கிள். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து "குட் மார்னிங் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடி வழியாக நான் முறைப்பதைப் பார்க்காதது போலப் பின் சீட்டுக்குப் போய்விடுவாள். தமிழில் அவள் பெயரை எழுதச் சொன்னால் நடுவில் ஒரு எழுத்தைத் தொலைத்துவிடுவாள். கேட்டால், "புரியுதுல்ல மாமா, போதும்" என்பாள்.

அவள் அப்பா, அதாவது என் மச்சான் ராஜேந்திரன், கீரனூர்க்காரர். இங்கே ஏ.சி. மெக்கானிக். மச்சானுக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று, நாடகம். ஊரில் எந்தக் கோயில் திருவிழாவுக்கு எந்த நாடகம் என்று விசாரித்துவிட்டுத்தான் லீவு போடுவார். முன் வரிசையில் உட்கார்ந்து போனில் முழுவதையும் படம் எடுத்துவிடுவார். இங்கே வந்ததும் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டு டி.வி.யில் அதுதான் ஓடும். ஆர்மோனியச் சத்தத்தில் அக்கா சமைப்பாள், தர்ஷினி வீட்டுப்பாடம் எழுதுவாள்.

எங்கள் பக்கம் நாடகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மேடையில் அழுகிறவர் நன்றாக அழுதால், கீழே இருந்து ஒருவர் ஏறிப்போய் அவருக்குத் துண்டோ பொன்னாடையோ போர்த்துவார். அழுதுகொண்டிருப்பவர் அழுகையை நிறுத்திக் கும்பிடுவார். போர்த்தியவர் பெயரும் ஊரும் மைக்கில் இழுத்து இழுத்துச் சொல்லப்படும். மூன்று தரம் நன்றி. பிறகு விட்ட இடத்திலிருந்து அழுகை தொடரும். இதை யாரும் இடைஞ்சலாக நினைப்பதில்லை. யாரும் ஏறவில்லை என்றால்தான் அழுதவருக்கு அவமானம். மச்சான் போர்த்திய துண்டுகளை வைத்து ஒரு ஜவுளிக்கடையே திறக்கலாம்.

"ராஜா வேஷக்காரருக்கு ஒரு துண்டு, அந்தம்மாவுக்கு மட்டும் ரெண்டாக்கும்?" என்று அக்கா கேட்பாள்.

"நல்லா அழுதுச்சு, செல்வி."

"நானுந்தான் அழுகுறேன். ஒரு கைக்குட்டை குடுத்திருக்கீங்களா?"

இப்படிப்பட்ட மச்சானிடம் தர்ஷினி முன்பு ஒருநாள் டான்ஸ் கிளாஸ் சேரட்டுமா என்று கேட்டாள். "பாக்குறது வேற, ஆடுறது வேற. நம்ம வீட்டுப் பொம்பளப்புள்ள மேடை ஏறுனா ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவான்" என்று முடித்துவிட்டார்.

"அந்த நாலு பேரும் முன் வரிசையில ஒங்க கூடத்தான ஒக்காந்திருப்பாய்ங்க மச்சான்?" என்று கேட்டேன்.

3

கொஞ்ச நாளாக அக்கா வீட்டில் ஒரு மர்மம். தர்ஷினி பள்ளி விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். அக்கா என்னைக் கூப்பிட்டு என் காதையே கதவில் வைத்து அழுத்தினாள். கேட்டேன். செத்த வீட்டில் அழுகிற மாதிரி நீளமான அழுகை. நடுவில் மூச்சை உள்ளே இழுத்து, விக்கல் மாதிரி ஒரு வெட்டு. மறுபடியும் அழுகை.

"கதவைத் தொறந்து பாத்தா மூஞ்சியில ஒரு சொட்டுத் தண்ணி இல்லடா தம்பி. சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

"என்னவா இருக்கும்?"

"எதாச்சும் பையனா இருக்குமோ?"

இந்த வார்த்தை மச்சான் காதுக்குப் போக நேரம் பிடிக்கவில்லை. அவர் தர்ஷினியிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. நேராகத் தீர்ப்புதான். இந்த ஊர் சரிப்படாது, கீரனூரில் தங்கச்சி வீட்டில் விட்டுப் படிக்க வைக்கிறேன் என்று சொல்லி, பள்ளி ஆபீஸில் டி.சி.க்கு எழுதியும் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதாள். "போக மாட்டேம்ப்பா" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, மூக்கு ஒழுக ஒழுக, பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக என்னென்னவோ சொன்னாள். மச்சான் எழுந்து போய்விட்டார்.

அந்தச் சூட்டோடுதான் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. பிள்ளைகளை நகரத்தில் ஒரு அரங்கத்துக்கு இங்கிலீஷ் நாடகம் பார்க்கக் கூட்டிப் போகிறார்களாம். வேறு பள்ளிகளும் வருகின்றனவாம். விருப்பமுள்ள பெற்றோர் துணைக்கு வரலாமாம்.

தர்ஷினி, "நீங்க வர வேணாம்ப்பா. ஒங்களுக்குப் போரடிக்கும்" என்றாள்.

போதாதா? மச்சான் உடனே லீவு சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"மாப்ள, நீதான வண்டி ஓட்டுற. அங்கிட்டு என்னடா நடக்குது? நாடகத்துக்கே பொறந்தவன் நான். எனக்குப் போரடிக்கும்ங்கிறா."

"புள்ளைய விடுங்க மச்சான். நாடகமே ஒரு சாக்கு. எத்தனை பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள எறக்குறாய்ங்க தெரியுமா? யாரோ பெரிய ஆளு வர்றாரு. நாற்காலி நெரப்பத்தான் இம்புட்டும்."

"யாரா இருக்கும்?"

"சொல்லுவாய்ங்களா? சொன்னா புள்ளைங்க வராதுல்ல."

நான் அடித்துச் சொன்னதில் மச்சான் நம்பிவிட்டார். பெரிய ஆள் வருகிற இடத்துக்குப் பெற்றோர் சார்பாகப் போகிறவன் வெறுங்கையோடு நின்றால் கீரனூருக்கே கேவலம் என்று, ரூவி கடைத்தெருவில் தேடித் திரிந்து சரிகைக் கரை போட்ட ஒரு சால்வை வாங்கி வந்தார்.

"ஒங்களை யாரு போத்தச் சொன்னா?" என்றாள் அக்கா.

"சொல்லியா போத்துவாங்க?"

4

நாடகத்தன்று காலையில் தர்ஷினி பின் சீட்டுக்குப் போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகளைவிடப் பெரிய பை. அரங்கத்துக்கு முன்னால் நான் வண்டியை நிறுத்துவதற்குள் நாடக டீச்சரோடு இறங்கி எங்கேயோ மறைந்துவிட்டாள்.

"எங்கடா போனா?" என்றார் மச்சான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் துணைக்கு வந்தவர் என்கிற அட்டை, கையில் பிளாஸ்டிக் கவரில் சால்வை.

"பாத்ரூம் போயிருப்பா மச்சான்."

"பாத்ரூமுக்கு எதுக்குடா பை?"

எனக்கும் அதே சந்தேகம்தான். சொல்லவில்லை.

துணைக்கு ஆள் போதவில்லை என்று என்னையும் உள்ளே விட்டார்கள். போனதும் முதல் வேலையாக நாற்காலியை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள். எந்தப் பந்தல்காரரும் இதை உருவ முடியாது. மேடையில் சிறப்பு விருந்தினருக்கு நாற்காலி இல்லை. பேனர் இல்லை. குத்துவிளக்கு இல்லை. நான் நினைத்தது தப்போ என்று முதல் தடவையாக லேசாகத் தோன்றியது. அதற்குள் எல்லா விளக்கையும் அணைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பேசக் கூடாது, போனை எடுக்கக் கூடாது என்று மைக்கில் ஒரு குரல்.

"எதுக்குடா இருட்டாக்குறாய்ங்க?" மச்சான் என் காதுக்குள் சொன்னார். "புள்ளைங்கள இருட்டுல வச்சு என்ன பாடம் நடத்துறாய்ங்க?"

"பொறுங்க. ஆளு வரட்டும்."

நாங்கள் இரண்டு பேர் மட்டும் மேடையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. நாடகம் பாட்டுக்கு நடந்தது. நீலத்துணியை ஆட்டிக் கடல் காட்டினார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தங்கள் உடம்பாலேயே படகு கட்டினார்கள். அந்தப் படகில் ஒருவன் ஏறிப் போனான். அப்புறம் நரைத்த தலையும் கூன் முதுகுமாக ஒரு கிழவி வந்து, கடலைப் பார்த்து நின்று ஏதோ பேசினாள். எல்லாம் இங்கிலீஷ்.

"என்னடா சொல்லுது அந்தம்மா?"

"மகன் வெளிநாடு போயிட்டான் போல மச்சான். திரும்பி வரலையாம்."

மச்சான் அதற்குப் பிறகு வாசலைப் பார்க்கவில்லை.

கிழவி அழ ஆரம்பித்தாள். நீளமான அழுகை. நடுவில் மூச்சை உள்ளே இழுத்து, விக்கல் மாதிரி ஒரு வெட்டு. மறுபடியும் அழுகை.

அந்த வெட்டை நான் கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். நரைமுடிக்குக் கீழே அந்த மூஞ்சியை உற்றுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, தர்ஷினி. பையன் எவனும் இல்லை. இதற்குத்தான் தினமும் கதவைச் சாத்தியிருக்கிறாள். மச்சானிடம் சொல்லலாமா? சொன்னால் இருட்டிலேயே கத்துவார். நாளைக்கே விமானம் ஏற்றிவிடுவார். சொல்லாவிட்டால், வெளிச்சம் வந்ததும் தானாகத் தெரியும், அப்போதும் ஏற்றிவிடுவார். சரி, இப்போதே மெதுவாகச் சொல்லிவிடுவோம் என்று திரும்பினேன்.

பக்கத்தில் பிளாஸ்டிக் கவர் மட்டும் இருந்தது.

மச்சான் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். ஊரில் எப்படிப் போவாரோ அப்படியே, லேசாகக் குனிந்து, இரண்டு கையிலும் சால்வையை ஏந்திக்கொண்டு. கழுத்தில் அட்டை தொங்கியதால் யாரும் தடுக்கவில்லை. முன் வரிசையில் ஒரு டீச்சர் பாதி எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் பாதியிலேயே நின்றார். மச்சான் பக்கப் படியில் ஏறிக் கிழவியின் தோளில் சால்வையைப் போர்த்தினார்.

கிழவி அழுகையை நிறுத்தித் திரும்பினாள்.

மச்சான் முகம் எனக்குத் தெரியவில்லை. சால்வையைப் பிடித்த கை மட்டும் அவள் தோளைவிட்டு வராமல் அப்படியே நின்றது தெரிந்தது. போச்சு, பிள்ளையை அறையப் போகிறார் என்று நான் எழுந்துவிட்டேன்.

தர்ஷினி அப்பா என்று கூப்பிடவில்லை. ஓடவும் இல்லை. கூனை நிமிர்த்தினாள். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வெள்ளிக்கிழமை டி.வி.யில் வருகிற அதே இழுவையில், தமிழில் சொன்னாள்:

"இந்தப் பொன்னாடையைப் போர்த்தி என்னைக் கௌரவித்த, புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர், ஏ.சி. மெக்கானிக் ராஜேந்திரன் அவர்களுக்கு… எங்கள் நாடகக் குழுவின் சார்பாக… நன்றி! நன்றி! நன்றி!"

சொல்லிவிட்டுக் கூனிக்கொண்டு, மூச்சு நின்ற இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள்.

ஊரில் கைதட்டலுக்கு நடுவே இறங்குவது போலவே மச்சான் படி இறங்கி வந்தார். பிள்ளைகள் கை தட்டின. அதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கும். மச்சான் வந்து உட்கார்ந்து, காலிக் கவரை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும்.

5

நாடகம் முடிந்ததும் நாடக டீச்சர் வந்து மச்சானிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார். புரிந்தவரைக்கும் நான் சொன்னேன். ஒவ்வொரு ஆட்டத்திலும், பார்க்க வருகிற பள்ளிகளில் ஒன்றின் பிள்ளை அந்த ஒரு காட்சியில் நடிக்குமாம். இந்த ஆட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து தர்ஷினியைத் தேர்ந்தெடுத்தார்களாம். நீங்கள் மேடை ஏறியது நன்றாக இருந்ததாம்.

"நெசமா அப்படித்தான் சொன்னுச்சா, இல்ல நீயா விடுறியா?"

"நெசமாத்தான் மச்சான். அடுத்த ஆட்டத்துக்கும் வர முடியுமான்னு கேக்குறாங்க." இது மட்டும் நானாக விட்டது.

திரும்பும்போது மச்சான் எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தார். தர்ஷினி பாதி வேஷத்தைத் துடைத்துவிட்டு, சால்வையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டு மேடை ஏறுன?" என்றார் மச்சான்.

"நீங்க யாரைக் கேட்டு ஏறுனீங்க?"

நான் சிரித்துவிட்டேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு மாப்ள." பிறகு சால்வையின் சரிகைக் கரையை விரலால் நீவினார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "ஏம்மா. இப்படி அழுகத் தெரிஞ்ச புள்ள நீ. ஊருக்குப் போக மாட்டேன்னு என்கிட்ட அழுதியே. அது?"

"அது நெசம்ப்பா."

"நெசம்னு நான் எப்படி நம்புறது? இன்னைக்கு அழுததுல அது காவாசி கூட இல்லையே. மூக்க உறிஞ்சிக்கிட்டு, என்னமோ ஒளறிக்கிட்டு…"

"நெசமா அழுகுறப்ப நல்லா அழுக வராதுப்பா."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு ரவுண்டானா போய், இன்னொரு ரவுண்டானாவும் போனது.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"டி.சி.க்கு எழுதிக் குடுத்தேன்ல. அதத் திருப்பி வாங்கணும்னா யாரைப் பாக்கணும்?"

"ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்கும். ஆனா லேசுல குடுக்காது. போயி நின்னு அழுகணும்."

"அழுகத்தான் நம்ம வீட்லயே ஆளு இருக்கே."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். நெசமா அழுகுறப்ப நல்லா அழுக வராது என்று சொன்னாளே, அந்தப் பதிலையும் இவள் எந்த நாடகத்தில் மனப்பாடம் செய்தாளோ என்று எனக்குச் சந்தேகம் கிளம்பியிருந்தது. காரியம் முடிந்துவிட்டது, இப்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிச் சிரித்துக்கொண்டிருப்பாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

சரிகைச் சால்வையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உதடு கோணியிருந்தது. கன்னத்தில் மிச்சமிருந்த வேஷம் கரைந்து காதுவரை வழிந்திருந்தது. மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ உளறினாள், ஒரு வார்த்தை விளங்கவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவரும் துண்டு போர்த்த மாட்டார்கள்.

அதனால் நம்பினேன்.